பிளம் பழமும் ஷ்ட்ராய்சலும் இட்ட ஜெர்மன் தட்டுக் கேக்: அடிமாவு ஈரமாகாமல் சுடுவது எப்படி?

கேள்வி: கயல்விழி

அனைவருக்கும் வணக்கம். ஜெர்மனியில் நான் வசிக்கும் ஊரின் வாரச்சந்தையில் நீள வடிவ நீல பிளம் பழங்கள் கூடை கூடையாக வந்து இறங்கத் தொடங்கிவிட்டன. இங்கே பிற்பகல் காபியோடு பரிமாறப்படும் பழத் தட்டுக் கேக்கை, மேலே ஷ்ட்ராய்சல் எனப்படும் வெண்ணெய் மாவு உதிரியைத் தூவி, இந்த ஆண்டு முறைப்படி சுட விரும்புகிறேன். ஆனால் நான் திரட்டிய செய்முறைகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன.

அடிமாவை ஈஸ்ட் சேர்த்துப் பொங்க வைக்க வேண்டும் என்று சிலர் எழுதுகிறார்கள். ஈஸ்ட் இல்லாமல், வெண்ணெய் மிகுதியாகச் சேர்த்துப் பிசைந்த மொறுமொறுப்பான மாவே போதும் என்கிறார்கள் வேறு சிலர். ஷ்ட்ராய்சலுக்குக் குளிர்ந்த வெண்ணெயா, உருக்கிய வெண்ணெயா என்பதிலும், பழத்தின் மீது சர்க்கரையைச் சுடுவதற்கு முன்பு தூவுவதா, பின்பு தூவுவதா என்பதிலும் இதே குழப்பம்தான். எங்கள் வீட்டில் முட்டை சேர்ப்பதில்லை என்பதையும் கருத்தில் கொண்டு, காரணத்தோடு விளக்கினால் பெரிதும் உதவியாக இருக்கும்.

மறுமொழி 1: மாறன்

வணக்கம் கயல்விழி. நீங்கள் கேட்ட எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது பழச்சாறு. 30க்கு 40 சென்டிமீட்டர் அளவுள்ள ஓவன் தட்டுக்கு ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ பழம் தேவைப்படும். அது ஓவனின் சூட்டில் விடுகிற சாறு எங்கே போகிறது என்பதைப் பொறுத்தே இந்தக் கேக் அமைகிறது.

ஆகவே பழத்திலிருந்து தொடங்குவோம். ஜெர்மானியர்கள் ஸ்வெட்ச்கே என்று அழைக்கும் நீண்ட, இரு முனையும் குறுகிய வகையையே வாங்குங்கள். உருண்டையான பிளம் வகைகளைவிட அதில் நீர் குறைவு, சதை கெட்டி, கொட்டையும் எளிதாகப் பிரிந்துவிடும். தென்மேற்கு ஜெர்மனியின் பாடன் பகுதியிலுள்ள ப்யூல் ஊரின் பெயரைத் தாங்கிய முன்பருவ வகை கோடையிலேயே சந்தைக்கு வந்துவிடுகிறது. அதிலும் நன்றாகச் சுடலாம். இருந்தாலும் செப்டம்பரில் பழுக்கும் ஹவுஸ்ஸ்வெட்ச்கே வகைக்கு ஈடாக எதையும் நான் சொல்ல மாட்டேன். காம்புப் பக்கம் தோல் இலேசாகச் சுருங்கத் தொடங்கிய பழம் கிடைத்தால் தயங்காமல் வாங்குங்கள், அதில் நீர் வற்றி இனிப்பு கூடியிருக்கும்.

அடிமாவுக்கு என் தேர்வு ஈஸ்ட் மாவுதான். அது வேகும்போது உண்டாகும் சிறு துளைகள் இறங்கும் சாற்றில் ஒரு பகுதியை உறிஞ்சிக்கொள்ளும். உறிஞ்சிய பின்னும் மாவு ரொட்டியின் மென்மையோடு இருக்குமே தவிரக் கூழாகாது. வெண்ணெய் மிகுந்த மாவோ சாறு பட்டால் மொறுமொறுப்பை இழந்துவிடுகிறது. இங்கே பையில் 405 அல்லது 550 என்று வகை எண் இட்டு விற்கும் வெள்ளைக் கோதுமை மாவில் 400 கிராம், இளஞ்சூடான பால் 220 மில்லி, சர்க்கரை 60 கிராம், மென்மையான வெண்ணெய் 60 கிராம், ஒரு சிட்டிகை உப்பு, இவற்றோடு 42 கிராம் ஈஸ்ட் கட்டியில் பாதி அல்லது 7 கிராம் உலர் ஈஸ்ட் பை ஒன்று சேருங்கள். முட்டை இல்லாததால் எந்தக் குறையும் வராது. அதற்கு ஈடாகத்தான் பாலைச் சற்றுக் கூட்டிச் சொல்லியிருக்கிறேன். கையில் ஒட்டாமல் பளபளப்பாக வரும் வரை பத்து நிமிடம் பிசைந்து, இரு மடங்காகும் வரை ஏறத்தாழ ஒரு மணி நேரம் மூடி வைத்து, பிறகு தட்டில் மெல்லியதாகப் பரப்பி, ஓரத்தைச் சற்று உயர்த்தி விடுங்கள்.

பரப்பிய மாவின் மேல் இரண்டு மேசைக்கரண்டி ரொட்டித் தூளையோ ரவையையோ பொடித்த பாதாமையோ தூவிய பிறகே பழத்தை அடுக்க வேண்டும். பழத்தை நெடுக்காகப் பிளந்து, இரு பாதிகளும் முதுகுப் பக்கம் ஒட்டியிருக்கும்படி விட்டு, நுனிகளில் சிறிய கீறல் இட்டு, வெட்டிய பக்கம் மேல்நோக்கி இருக்குமாறு, கூரைக்கு ஓடு வேய்வதைப் போல் ஒன்றின் மேல் ஒன்று சாய்த்து நெருக்கமாக அடுக்குங்கள். வெட்டிய பக்கம் கீழ்நோக்கி இருந்தால் சாறு முழுவதும் மாவுக்குள் இறங்கும். மேல்நோக்கி இருந்தால் அதில் நல்ல பங்கு ஆவியாகிவிடும்.

சர்க்கரையைச் சுடுவதற்கு முன் பழத்தின் மீது தூவவே கூடாது. சர்க்கரை பழத்திலிருந்து நீரை வெளியே இழுக்கும். கேக் ஓவனுக்குள் போகுமுன்பே தட்டில் சாறு கட்டி நிற்கும். சுடும்போது தோலின் புளிப்பு சதையில் கலந்து பழம் முன்னைவிடப் புளிப்பாகத் தோன்றும் என்பது உண்மைதான். ஆனால் அந்தப் புளிப்புக்கு ஷ்ட்ராய்சலின் இனிப்பு ஈடு கொடுக்கும், போதாவிட்டால் சுட்ட பின் தூவிக்கொள்ளலாம்.

ஷ்ட்ராய்சலுக்கு மாவு 300 கிராம், வெண்ணெய் 200 கிராம், சர்க்கரை 150 கிராம், பட்டைத்தூள் ஒரு தேக்கரண்டி, சிட்டிகை உப்பு. குளிர்ந்த வெண்ணெயை விரல் நுனியால் தேய்த்தால் உதிரி சிறியதாகவும் மொறுமொறுப்பாகவும் வரும்; உருக்கி ஆறவைத்த வெண்ணெயை ஊற்றி முள்கரண்டியால் கிளறினால் பெரிய கட்டிகள் விரைவாகத் திரளும். இரண்டுமே வழக்கத்தில் உள்ளவைதாம். எந்த வழியில் சென்றாலும் கட்டிகள் ஒன்று முதல் ஒன்றரை சென்டிமீட்டர் அளவுக்குத் திரண்டவுடன் கையை எடுத்துவிட வேண்டும். தொடர்ந்து பிசைந்தால் ஒரே உருண்டையாகிவிடும். பிறகு அரை மணி நேரம் குளிர்பெட்டியில் வையுங்கள். இளகிய வெண்ணெயோடு ஓவனுக்குள் போகும் ஷ்ட்ராய்சல், மாவு வெந்து கெட்டியாகும் முன்பே உருகிப் பரவிப் பழத்தை ஒரு தகடாக மூடிவிடும்.

பழம் அடுக்கிய மாவை மேலும் கால் மணி நேரம் பொங்க விட்டு, ஷ்ட்ராய்சலைத் தூவி, மேலும் கீழும் சூடு வரும் அமைப்பில் 200 டிகிரியில், நடுவுக்கு ஒரு படி கீழே வைத்து 35 முதல் 40 நிமிடம் சுடுங்கள். விசிறி அமைப்பானால் 180 டிகிரி போதும்.

மறுமொழி 2: இளவேனில்

வணக்கம். மாறன் அவர்கள் சொன்ன அடிமாவையும் பழ அடுக்கையும் முழு மனத்தோடு ஏற்கிறேன். ஷ்ட்ராய்சலின் அளவு குறித்து மட்டும் எனக்கு வேறு கருத்து உண்டு.

நான் பவேரியா மாநிலத்தின் ஆக்ஸ்பர்க் நகரத்துக்கு அருகில் வசிக்கிறேன். இங்கே இதன் பெயர் ஸ்வெட்ச்கன்டாட்சி. இந்தக் கேக்கின் பெயரால் டாட்சிபுர்க் என்றே நகரத்துக்குச் செல்லப்பெயர் வழங்கும் அளவுக்கு ஊர்க்காரர்கள் இதைத் தமக்குரியதாகக் கருதுகிறார்கள். மெல்லிய ஈஸ்ட் மாவு, நெருக்கமாக அடுக்கிய பழம், சுட்ட பின் சர்க்கரையும் பட்டைத்தூளும். பழைய முறையைப் பேணுவோர் இதற்கு மேல் எதையும் சேர்ப்பதில்லை. பவேரியாவிலேயே பலர் இன்று ஷ்ட்ராய்சல் இடுகிறார்கள், அதைத் தவறென்று சொல்ல மாட்டேன். ஈஸ்ட் மாவின் மேல் ஷ்ட்ராய்சல் இடுவதில் பெயர்பெற்றது, முன்பு ஜெர்மனியோடு இருந்து இன்று பெரும்பாலும் போலந்தில் உள்ள சிலேசியா. அங்கே பழமே இல்லாமல் மாவும் ஷ்ட்ராய்சலும் மட்டும் கொண்ட கேக்கும் மதிக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போர் முடிந்த 1945க்குப் பின் அந்த நிலத்தை விட்டு வெளியேற நேர்ந்த ஜெர்மானிய மக்கள், தாங்கள் குடியேறிய இடங்களுக்கெல்லாம் அதைத் தங்களோடு எடுத்துச் சென்றார்கள்.

நடைமுறையில் நான் வலியுறுத்த விரும்புவது இதுதான்: ஷ்ட்ராய்சலால் பழத்தை முழுவதும் மூடிவிடாதீர்கள். நீராவி வெளியேற இடைவெளி இல்லையென்றால் சாறு கீழேதான் போகும், ஷ்ட்ராய்சலின் அடிப்பக்கமும் வேகாமல் பிசுபிசுக்கும். மாறன் அவர்கள் தந்த அளவில் மூன்றில் இரண்டு பங்கை எடுத்து, பழத்தின் நீல விளிம்புகள் ஆங்காங்கே தெரியும்படி தூவினால் போதும். பழத்தின் புளிப்பும் அப்போதுதான் நாவில் படும். தென்மேற்கு ஜெர்மனியின் ஃபால்ட்ஸ் பகுதியில் இந்தப் பிளம் கேக்கை உருளைக்கிழங்கு சூப்போடு சேர்த்து மதிய உணவாகவே உண்கிறார்கள். புளிப்பை அடக்காத, அளவான இனிப்புள்ள கேக்தான் அந்தச் சேர்க்கைக்குப் பொருந்தும்.

வெண்ணெய் மிகுந்த மாவையும் நான் ஒதுக்கிவிட மாட்டேன். 26 சென்டிமீட்டர் வட்ட அச்சில் ஆப்பிள் கேக் சுடும்போது அதுவே எனக்குப் பிடிக்கும். அடிமாவை மட்டும் முள்கரண்டியால் குத்தி 10 முதல் 15 நிமிடம் தனியே சுட்டு, பிறகு பழத்தை இட வேண்டும்.

கயல்விழி

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. ஈஸ்ட் மாவையே தேர்ந்தெடுக்கிறேன். ஷ்ட்ராய்சலில் இளவேனில் சொன்ன அளவைப் பின்பற்றுவேன். முந்தைய நாள் சுட்டு வைக்கலாமா, உறைய வைத்த பழத்தைப் பயன்படுத்தலாமா என்பதையும் யாரேனும் சொன்னால் நன்றாக இருக்கும். பிளம் பருவம் முடிந்த பிறகு வேறு பழங்களைக் கொண்டும் சுட எண்ணுகிறேன்.

மறுமொழி 3: நிலவன்

வணக்கம். உறைய வைத்த பிளம் பழத்தைத் தாராளமாகப் பயன்படுத்தலாம், ஆனால் பனி நீங்க விடாதீர்கள். உறைந்த நிலையிலேயே அடுக்கி உடனே ஓவனில் வையுங்கள், ஐந்து முதல் பத்து நிமிடம் கூடுதலாகச் சுடுங்கள். அடியில் தூவும் ரொட்டித் தூளையும் இரு மடங்காக்குங்கள், உறைந்த பழம் சாற்றை அதிகமாக விடும்.

ஈஸ்ட் மாவுக் கேக் சுட்ட அன்றுதான் சிறப்பாக இருக்கும் என்பது என் உறுதியான கருத்து. விருந்தினர் மறுநாள் வருகிறார்கள் என்றால், மாவை முந்தைய இரவே பிசைந்து, ஈஸ்டைப் பாதியாகக் குறைத்து, குளிர்பெட்டியில் மெதுவாகப் பொங்க விடுங்கள். ஷ்ட்ராய்சலையும் அப்போதே செய்து பக்கத்தில் வைத்துவிடலாம். காலையில் எஞ்சியிருப்பது பரப்புவதும் அடுக்குவதும் சுடுவதும்தான்.

வேறு பழங்களில், ஆப்பிளுக்குப் புளிப்பு மிகுந்த போஸ்கோப் வகையை வாங்குங்கள். பழம்போல் இனிப்புகளில் சேர்க்கும் புளிப்பான ருபார்ப் செடித் தண்டைப் பயன்படுத்துவதாயின், ஜூன் 24ஆம் தேதியோடு அதன் அறுவடையை நிறுத்துவது இங்கே மரபு என்பதால் வசந்த காலத்திலேயே திட்டமிடுங்கள். குளிர்காலத்தில் கண்ணாடிக் குடுவையில் வரும் புளிப்புச் செர்ரிதான் கைகொடுக்கும். அதை அப்படியே கொட்டக் கூடாது. நன்றாக வடித்து, வடித்த சாற்றில் 250 மில்லியை எடுத்து, 37 கிராம் வனிலா புட்டிங் பொடியைச் சிறிது குளிர்ந்த சாற்றில் கரைத்து ஊற்றிக் கொதிக்க வைத்து, கெட்டியானதும் செர்ரியைக் கலந்து, ஆறிய பிறகு மாவின் மேல் பரப்ப வேண்டும். சாறு முன்கூட்டியே கட்டுப்பட்டுவிடுவதால், வெண்ணெய் மிகுந்த அடிமாவும் இதற்குத் தாங்கும்.

மிஞ்சிய கேக்கை இறுக மூடிய பெட்டியில் வைத்தால் பழத்தின் ஈரம் ஷ்ட்ராய்சலில் ஏறி அதை நமத்துப்போகச் செய்யும். ஒரு துணியால் மட்டும் மூடி வையுங்கள். மறுநாள் 150 டிகிரியில் பத்து நிமிடம் சூடாக்கினால் மொறுமொறுப்பு பெருமளவு திரும்பிவிடும். பரிமாறும்போது சர்க்கரை சேர்க்காமல் அடித்த பாலேட்டைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள், மேலே ஊற்ற வேண்டாம்.