புது நாட்டுல முதல் கார்: பாதுகாப்பு, உழைப்பு, ரிப்பேர் செலவு

வெளிநாடு வந்து வீடு, வங்கிக் கணக்கு எல்லாம் ஒரு வழிக்கு வந்ததும் அடுத்த கேள்வி கார்தான். "டொயோட்டாவா, ஹோண்டாவா? அதே விலைக்குக் கொஞ்சம் பழைய பிஎம்டபிள்யூ வருதே, எடுத்துடலாமா?"ன்னு புதுசா வந்தவங்க கேட்டுக்கிட்டே இருக்காங்க. கம்பெனி பேரை மட்டும் வெச்சு வர்ற பதிலை நம்பிக் காசைப் போடாதீங்க. ஒரே கம்பெனியில, ஒரே மாடல்லயே, ஒரு இன்ஜின் பதினஞ்சு வருஷம் எந்தத் தொந்தரவும் இல்லாம ஓடும். இன்னொண்ணு அஞ்சாறு வருஷத்துல கையைக் கடிச்சுடும். மாடல், வருஷம், இன்ஜின், கியர்பாக்ஸ், இந்த நாலையும் சொன்னாத்தான் அந்தக் காரைப் பத்தி உருப்படியா ஏதாவது பேச முடியும்.

முதல்ல பாதுகாப்பு. இதுல சமரசமே வேண்டாம்னுதான் சொல்வேன். அமெரிக்காவுல அரசோட சாலைப் பாதுகாப்பு அமைப்பான என்.எச்.டி.எஸ்.ஏ. கார்களை மோதிப் பாத்து ஸ்டார் கொடுக்குது; இன்சூரன்ஸ் கம்பெனிகள் பணத்துல நடக்குற ஐ.ஐ.எச்.எஸ். தனியா மோதிப் பாக்குது. ஐரோப்பாவுக்கு யூரோ என்கேப், ஆஸ்திரேலியா, நியூசிலாந்துக்கு ஆன்கேப், ஜப்பானுக்கு ஜே.என்கேப். நீங்க இருக்குற நாட்டுல விக்குற காரை எந்த அமைப்பு சோதிச்சதோ அதோட முடிவை மட்டும் எடுத்துக்கோங்க. கம்பெனி ஒண்ணுதானேன்னு நினைக்கக் கூடாது. 2016ல ஒரு சோதனை நடந்துச்சு. நிசான் மெக்ஸிகோவுல வித்த ட்சூரு காரையும், அதே நிசான் அமெரிக்காவுல வித்த வெர்சா காரையும் நேருக்கு நேர் மோத விட்டாங்க. ரெண்டும் அந்தந்த நாட்டுல நிசானோட மலிவான செடான். வெர்சாவுல சோதனைக்காக உக்கார வெச்ச பொம்மை தப்பிச்சுது. ஏர்பேக்கே இல்லாத ட்சூருவுல டிரைவர் உக்கார்ற இடமே நசுங்கிப் போச்சு. நிஜ ஆளா இருந்தா பிழைச்சிருக்க மாட்டாங்க. முன்னாடி இருந்த பேட்ஜ் ரெண்டுக்கும் ஒண்ணுதான்.

ஸ்டார் எத்தனைன்னு பாக்குறப்போ எந்த வருஷம் வாங்கின ஸ்டார்னும் பாருங்க. ஃபியட் புன்டோ 2005ல யூரோ என்கேப்ல 5 ஸ்டார் வாங்கின கார். அதே தலைமுறைக் காரை 2017ல திரும்பச் சோதிச்சப்போ பூஜ்யம். கார் மோசமாகலை, சோதனை கடுமையாயிடுச்சு. அதே மாதிரி எடை. அமெரிக்க ஸ்டார் கணக்குல நேர் மோதல் மதிப்பெண்ணை ஏறக்குறைய ஒரே எடையுள்ள கார்களுக்குள்ளதான் ஒப்பிடணும். 5 ஸ்டார் வாங்கின குட்டிக் காரும் 5 ஸ்டார் வாங்கின பெரிய எஸ்யூவியும் ஒண்ணோட ஒண்ணு மோதினா அடி சமமா விழாது.

ஐ.ஐ.எச்.எஸ். 2012ல கொண்டுவந்த ஒரு சோதனையைக் கொஞ்சம் விளக்கமாவே சொல்றேன், ஏன்னா "பெரிய பிராண்ட்னா பாதுகாப்பு"ங்கிற நம்பிக்கையை அது உடைச்சுது. காரோட முன்பக்கத்துல டிரைவர் பக்கம் கால்வாசி அகலம் மட்டும் ஒரு கெட்டியான தடுப்புல மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்துல மோதும். மரத்துலயோ கம்பத்துலயோ ஓரமா இடிக்கிற மாதிரி. காரோட முக்கியமான இரும்புச் சட்டங்கள் உள்பக்கமா ஓடுறதால இந்த மோதல் அதுல படாமத் தாண்டிப் போயிடும். முன்சக்கரம் பின்னால தள்ளிக்கிட்டு வந்து டிரைவரோட காலடியில நுழையும். முதல் சுற்றுல 11 சொகுசு கார்களைச் சோதிச்சாங்க. வால்வோ எஸ்60, அக்யூரா டிஎல் ரெண்டு மட்டும்தான் நல்ல மதிப்பெண் வாங்குச்சு. மெர்சிடிஸ் சி-கிளாஸ், ஆடி ஏ4, லெக்ஸஸ் மாடல் ரெண்டு, எல்லாம் கடைசித் தரத்துல போய் நின்னுது. அப்புறம் கம்பெனிகள் வேகமாத் திருத்திக்கிட்டாங்க. ஆனா சிலர் டிரைவர் பக்கத்தை மட்டும் பலப்படுத்திட்டுப் பக்கத்து சீட்டு இருக்குற பக்கத்தை அப்படியே விட்டுட்டாங்க. அதனால 2017லேர்ந்து அந்தப் பக்கத்தையும் தனியா மோதிப் பாக்குறாங்க. அந்த சீட்டுல உக்காரப் போறது உங்க மனைவியோ அம்மாவோதான். அந்த மதிப்பெண்ணையும் தேடிப் பாருங்க.

வால்வோவைப் பத்தி ஒரு வார்த்தை. இன்னைக்கு எல்லாரும் போடுற மூணு முனை சீட் பெல்ட் 1959ல அவங்க கார்லதான் வந்துச்சு. அந்தக் காப்புரிமையை மத்த கம்பெனிகளும் பயன்படுத்தட்டும்னு திறந்து விட்டாங்க. அந்த மரியாதை அவங்களுக்கு எப்பவும் உண்டு. ஆனா பழைய வால்வோவை விட நல்ல மதிப்பெண் வாங்கின புதிய மாஸ்டாவோ ஹூண்டாயோ உங்களை நல்லாக் காப்பாத்தலாம்.

பழைய கார் வாங்குறவங்க ஈ.எஸ்.சி. இருக்கான்னு கட்டாயம் பாருங்க. வளைவுலயோ ஈரத்துலயோ வண்டி வழுக்கும்போது ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனித்தனியா பிரேக் பிடிச்சு நேராக்குற அமைப்பு அது. அமெரிக்காவுல 2012 மாடல் வருஷத்துலேர்ந்தும், ஐரோப்பிய ஒன்றியத்துல 2014 கடைசியிலேர்ந்தும் எல்லாப் புதுக் கார்லயும் கட்டாயம். பனி, மழை ரோட்டுல ஓட்டிப் பழகாதவங்களுக்கு இது இல்லாத வண்டி வேண்டவே வேண்டாம். தானியங்கி அவசர பிரேக்கும் இருந்தா ரொம்ப நல்லது.

அடுத்து சொல்றதைத் தயவுசெஞ்சு தள்ளிப் போடாதீங்க. டகாட்டா கம்பெனியோட ஏர்பேக்குகள்ல பையை ஊத வைக்க அமோனியம் நைட்ரேட்ங்கிற ரசாயனத்தை வெச்சிருந்தாங்க. வெயிலும் ஈரப்பதமும் வருஷக்கணக்கா படப்பட அது கெட்டுப்போய், சின்ன மோதல்ல கூட உலோகக் குடுவை வெடிச்சுத் துண்டுகள் முகத்துலயும் கழுத்துலயும் பாயும். உயிர்ப் பலி நிறைய. ஹோண்டா, டொயோட்டா, நிசான், மாஸ்டா, ஃபோர்டு, பிஎம்டபிள்யூன்னு கம்பெனி வித்தியாசமே இல்லாம உலகம் முழுக்க வண்டிகளைத் திரும்பக் கூப்பிட்டாங்க (இதுதான் ரீகால்). ரீகால் கடிதம் பதிவுல இருக்குற உரிமையாளரோட முகவரிக்குத்தான் போகும். மூணு கை மாறின வண்டிக்கு அது வந்து சேராமலே போயிருக்கலாம். ஒவ்வொரு காருக்கும் தனியா இருக்குற அடையாள எண்தான் வின் நம்பர்; எழுத்தும் எண்ணுமா 17 இருக்கும், விண்ட்ஷீல்ட் ஓரத்துல டேஷ்போர்டு மேல தெரியும். அதை அரசுத் தளத்துலயோ கம்பெனி தளத்துலயோ போட்டுப் பாருங்க. ரீகால் பாக்கி இருந்தா டீலர் இலவசமா மாத்திக் கொடுப்பாங்க.

இனி உழைப்பு. தரப்பட்டியல் எதை அளக்குதுன்னு தெரிஞ்சுக்கிட்டுப் படிக்கணும். ஜே.டி. பவர்ங்கிற ஆய்வு நிறுவனத்தோட ஒரு ஆய்வு முதல் 90 நாளைப் பத்தி மட்டும் கேக்குது. இன்னொண்ணு மூணு வருஷம் ஓட்டினவங்களைக் கேக்குது. ஏழெட்டு வருஷப் பழைய வண்டி வாங்கப் போற உங்களுக்கு முதல் 90 நாள் கதை எதுக்கு? அமெரிக்க நுகர்வோர் அமைப்பான கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் தன்னோட உறுப்பினர்கள் கிட்ட வருஷாவருஷம் பழுது விவரம் வாங்குது. அதுல டொயோட்டாவும் லெக்ஸஸும் பல வருஷமா மேல இருக்கு. எனக்கு ரொம்பப் பிடிச்சது ஜெர்மனியில வண்டிகளை ஆய்வு செய்யுற டியூவி அமைப்போட அறிக்கை. கட்டாய ஆய்வுக்கு வந்த வண்டிகள்ல எதுல எவ்வளவு குறை இருந்துச்சுன்னு வயசு வாரியா போடுவாங்க. யாரோட அபிப்பிராயமும் அதுல கலக்காது. 2024 அறிக்கையில ரெண்டு மூணு வருஷ வண்டிகள்ல டெஸ்லா மாடல் 3 கடைசியில நின்னுது. பிரேக், லைட், சஸ்பென்ஷன்லதான் குறை. பிரிட்டன்ல இருக்கீங்கன்னா வண்டி நம்பரைப் போட்டாலே எம்.ஓ.டி. (அங்க நடக்குற கட்டாய வண்டி ஆய்வு) வரலாறு, ஓடின தூரக் கணக்கோட இலவசமா வரும். அதைப் பாக்காம யாரும் காசை நீட்டாதீங்க.

கம்பெனி வாரியா நான் கவனிக்கச் சொல்றது இதுதான். டொயோட்டா பொதுவா நம்பலாம். ஹைப்ரிட் மாடல்கள்ல தனி ஸ்டார்ட்டரும் ஆல்டர்னேட்டரும் கிடையாது, கியர்பாக்ஸும் எளிமையான பல்சக்கர அமைப்பு, பிரேக் பேடும் மெதுவாத்தான் தேயும். கெட்டுப்போகவே கம்மியான இடம்தான் இருக்கு. ஆனா 2007 முதல் 2009 வரை வந்த 2.4 லிட்டர் கேம்ரி ஆயில் குடிக்கும். அதுவும் டொயோட்டாதான். ஹோண்டாவுல 1.5 டர்போ இன்ஜின், குளிர் நாட்டுல சின்னச் சின்ன தூரம் மட்டும் ஓட்டினா ஆயில்ல பெட்ரோல் கலக்குற பிரச்சினை இருந்துச்சு. மாஸ்டா சிவிடி (பல்சக்கரத்துக்குப் பதிலா பெல்ட் மாதிரி அமைப்புல ஓடுற ஆட்டோமேட்டிக் கியர்) பக்கமே அதிகம் போகாம வழக்கமான ஆட்டோமேட்டிக் கியரோட நின்னுது; டர்போ இல்லாத இன்ஜினா எடுத்தா நிம்மதி. நிசான்ல 2013 முதல் 2016 வரை வந்த ஆல்டிமா, சென்ட்ரா சிவிடி கியர்பாக்ஸ்களுக்குக் கம்பெனியே வாரண்டியை நீட்ட வேண்டியதாச்சு. ஹூண்டாய், கியாவுல 2011க்குப் பிந்தைய தீட்டா 2 இன்ஜின்ல பேரிங் கெட்டு இன்ஜினே மாத்த வேண்டி வந்துச்சு. மாத்தியாச்சான்னு ரசீதோட கேளுங்க. அமெரிக்காவுல சாவி போட்டுத் திருப்புற பல ஹூண்டாய், கியா மாடல்கள்ல இம்மொபிலைசர் (சரியான சாவி இல்லாம வண்டி ஸ்டார்ட் ஆகாமத் தடுக்குற அமைப்பு) இல்லாததால திருட்டு பெருகி இன்சூரன்ஸும் ஏறிடுச்சு. கனடாவுல 2007லேர்ந்தே புது வண்டிகளுக்கு இம்மொபிலைசர் கட்டாயம்.

ஃபோர்டு ஃபோகஸ் 2012 முதல் 2016 வரை பவர்ஷிஃப்ட் ஆட்டோமேட்டிக்னா ஒதுங்கிடுங்க. கிளம்பும்போதே வண்டி நடுங்கும். அதே கார் மேனுவல் கியர்னா கவலை இல்லை. பியூஜோ, சிட்ரோயன், ஓப்பல்ல இருக்குற 1.2 பியூர்டெக் இன்ஜின்ல டைமிங் பெல்ட் (வால்வுகளைச் சரியான நேரத்துல இயக்குற பெல்ட்) ஆயிலுக்குள்ளயே சுத்தும். அது உதிர்ந்து ஆயில் போற வழியை அடைக்கும். கம்பெனி 2024ல இதுக்கு 10 வருஷம் அல்லது 1,75,000 கிலோமீட்டர் வரைக்கும் வாரண்டி நீட்டிச்சுது, ஆனா சர்வீஸ் ஒழுங்கா நடந்திருக்கணும். ஃபோக்ஸ்வேகன்ல ஏழு கியர் டிஎஸ்ஜி (ரெட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக்) கியர்பாக்ஸோட உலர் கிளட்ச் வகையைப் பாத்து வாங்கணும். ஸ்கோடா, சீயாட்லயும் அதே பாகம்தான். சுபாருவுல பழைய 2.5 லிட்டர் இன்ஜினுக்கு ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் தலைப்பகுதிக்குக் கீழ இருக்குற சீல்) மாத்தியாச்சான்னு கேக்கணும்.

ரிப்பேர் செலவுக்கு வருவோம். பாகத்தோட விலை பாதிதான், மீதி அதை எட்டுறதுக்கு ஆகுற லேபர். பிஎம்டபிள்யூவோட என்47 டீசல் இன்ஜின்ல டைமிங் செயின் இன்ஜினோட பின்பக்கம், கியர்பாக்ஸை ஒட்டி இருக்கு. பல வண்டியில முன்பக்கமா மூடியைக் கழட்டி முடிக்கிற வேலைக்கு, இங்க இன்ஜினையோ கியர்பாக்ஸையோ இறக்கணும். பழைய சொகுசு கார் விலை இறங்கினாலும் அதோட பார்ட்ஸ் விலையும் லேபரும் இறங்காது. புதுசா இருந்தப்போ அது எந்த வர்க்கத்துக் காரோ அந்த வர்க்கத்துச் செலவைத்தான் கடைசி வரைக்கும் கேக்கும். அந்தக் கையிருப்பு தனியா இருந்தா தாராளமா வாங்குங்க. அதே பிஎம்டபிள்யூவோட பி58 ஆறு சிலிண்டர் இன்ஜினுக்கு மெக்கானிக்குகள் கிட்ட நல்ல பேர் இருக்கு.

இப்போ வர்ற கார்கள்ல சின்ன அடியும் பெரிய செலவு. விண்ட்ஷீல்டுக்குப் பின்னால கேமரா, பம்பருக்குப் பின்னால ரேடார். ஒரு கல் பட்டுக் கண்ணாடி விரிஞ்சா கண்ணாடி மாத்துறதோட விடாது. கேமராவைத் திரும்ப அளவு வெச்சு சரிபண்ணணும். அதைச் செய்யாம விட்டா அவசர பிரேக் தப்பான இடத்துல பிடிக்கும், இல்ல பிடிக்காமலே போகும். எல்ஈடி ஹெட்லைட்டுல பல்பு மட்டும் மாத்த முடியாது, பெரும்பாலும் மொத்த லைட்டையும் மாத்தணும். ஆல்-வீல் டிரைவ் வண்டியில ஒரு டயர் கிழிஞ்சா நாலையும் மாத்தச் சொல்லலாம், ஏன்னா சுற்றளவு வித்தியாசப்பட்டா முன், பின் சக்கரங்களை இணைக்குற கப்ளிங் கெடும். பனி அதிகம் விழாத இடத்துல இருக்கீங்கன்னா ஆல்-வீல் டிரைவுக்கு ஆசைப்படாதீங்க.

வாங்குறதுக்கு முன்னாடியே இன்சூரன்ஸுக்குக் கேட்டுடுங்க. எந்த மாடலுக்கு ரிப்பேர் செலவு அதிகம்னு அவங்களுக்குத்தான் தெரியும். அமெரிக்காவுல எச்.எல்.டி.ஐ.ங்கிற அமைப்பு மாடல் வாரியா இன்சூரன்ஸ் இழப்புக் கணக்கை வெளியிடுது. பிரிட்டன்ல பெரும்பாலான கார்களுக்கு 1 முதல் 50 வரை இன்சூரன்ஸ் குரூப் இருக்கு (எண் ஏறினா பிரீமியமும் ஏறும்). புதுசா வந்தவங்களுக்கு உள்ளூர் ஓட்டுநர் வரலாறு இல்லாததால பிரீமியம் எப்படியும் கூடுதல்தான். முன்னாடி இருந்த நாட்டுல கிளெய்ம் இல்லைன்னு பழைய இன்சூரன்ஸ் கம்பெனி கிட்ட கடிதம் வாங்கி வையுங்க. சில கம்பெனிகள் அதை ஏத்துக்கும்.

கடைசியா, விக்குறவருக்குத் தொடர்பில்லாத மெக்கானிக் கிட்ட வண்டியைக் காட்டாம வாங்காதீங்க. பாக்கப் போறப்போ "நான் வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்க"ன்னு சொல்லி வையுங்க. போனதும் பானட்டுல கையை வெச்சுப் பாருங்க. சூடா இருந்தா எதையோ மறைக்க ஏற்கெனவே ஓட்டியிருக்கலாம். இன்னொரு நாள் வர்றேன்னு சொல்லிடுங்க. குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் பண்ணின முதல் சில நொடியில செயின் கடகடன்னு சத்தம் போடுதா, சைலன்ஸர்ல நீலப் புகை வருதான்னு கவனிங்க. டிப்ஸ்டிக்கை இழுத்து ஆயில் அளவு எங்க நிக்குதுன்னு பாருங்க. கடைசி ஆயில் மாத்தின ரசீதைக் கேளுங்க. அதுல இருக்குற கிலோமீட்டரும் மீட்டர்ல இருக்குறதும் ஒத்துப் போகணும்.