கோடு ரீடர் வாங்குமுன்: கருவி கைகொடுத்த இடமும் கைவிட்ட இடமும்

(ஒவ்வொருவர் எழுதியதற்கும் மேலே இருப்பது அவரவர் புனைபெயர்.)

பழைய ஸ்பேனர்

வண்டியின் கம்ப்யூட்டர் பதிந்து வைக்கும் கோளாறு எண்ணைத்தான் "கோடு" என்கிறோம், அதைப் படிக்கும் கருவி கோடு ரீடர் அல்லது ஸ்கேனர். "நல்ல ஸ்கேனர் எது?" என்று மொட்டையாகக் கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது. எந்த வண்டி, எந்த வேலை என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். பெட்டி மேல் ஆயிரக்கணக்கில் "கோடு விளக்கம்" என்று போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். கோடு எண் தெரிந்துவிட்டால் விளக்கத்தைப் போனிலேயே தேடிக்கொள்ளலாம்.

கருவியைத் தேடுவதற்கு முன் வண்டியின் சாக்கெட்டை டார்ச் அடித்துப் பாருங்கள். ஸ்டீயரிங்குக்கு அடியில் 16 பின் சாக்கெட். 4, 5 இரண்டும் எர்த். 16 பேட்டரி பாசிட்டிவ். வண்டி பேசும் மொழி, அதாவது புரோட்டோகால், எது என்பதை மற்ற பின்கள் சொல்லும். 6, 14 இரண்டிலும் பின் இருந்தால் கேன். 7இல் இருந்தால் கே-லைன், சிலவற்றில் துணைக்கு 15உம் இருக்கும். 2இல் இருந்தால் ஜே1850, பெரும்பாலும் பழைய அமெரிக்க வண்டி. 6, 14, 7 மூன்றிலும் பின் உள்ள வண்டிகளும் உண்டு. அவற்றில் எஞ்சின் கேனிலும் ஏர்பேக், ஏசி போன்றவை கே-லைனிலும் பேசக்கூடும்.

அமெரிக்காவில் 1996 மாடல் முதல் ஓபிடி-2, அதாவது எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான கோளாறு அறியும் முறை, கட்டாயம். ஐரோப்பாவில் பெட்ரோலுக்கு 2001, டீசலுக்கு 2004. மற்ற நாடுகள் பின்னால் வந்தன. சட்டம் வருவதற்கு முந்தைய வண்டியிலும் 16 பின் சாக்கெட் இருக்கலாம். வடிவம் ஒன்றாக இருந்தாலும் உள்ளே ஓடுவது கம்பெனியின் சொந்த மொழி. அந்த வண்டியில் பொது ரீடர் "லிங்க் எரர்" காட்டினால் கருவியைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை.

மல்டிமீட்டர்

ஸ்பேனர் அண்ணன் சொன்ன கே-லைன் விஷயத்தில்தான் மலிவுக் கருவிகள் காலை வாருகின்றன. "ஐந்து புரோட்டோகாலும் உண்டு" என்று எழுதியிருக்கும். கேன் வண்டியில் சட்டென்று இணையும், கே-லைனில் திணறும். காரணம் தொடக்க வணக்கம், அதாவது பேச்சைத் தொடங்கும் முறை. ஐஎஸ்ஓ 9141 என்ற கே-லைன் வகையில் கருவி முதலில் வெறும் 5 பாட் (விநாடிக்கு 5 பிட்) வேகத்தில் முகவரியை அனுப்ப வேண்டும். அதற்கே 2 விநாடி பிடிக்கும். பிறகு 10,400 பாட் வேகத்துக்கு மாறி, ஈசியு (வண்டியின் கம்ப்யூட்டர்) தரும் பதிலுக்குக் குறித்த நேரத்துக்குள் மறுமொழி சொல்ல வேண்டும். நேரம் தவறினால் ஈசியு பேச்சை நிறுத்திவிடும். ப்ளூடூத்தில் போனோடு சேரும் ஈஎல்எம்327 சிப்பின் நகல்களில் இந்தக் குறை மிக அதிகம். "பதிப்பு 2.1" என்று சொல்லிக்கொள்ளும் பல நகல்களில் பழைய 1.4 பதிப்பின் கட்டளைகள்கூட முழுதாக இல்லை.

கே-லைன் வண்டிகள் அடிக்கடி வரும் பட்டறை என்றால், அப்படி ஒரு வண்டியில் மாட்டிப் பார்த்த பிறகே காசு கொடுங்கள்.

கருவி ஆன் ஆகவே இல்லை என்றால்

இதுவும் மல்டிமீட்டராகிய நான்தான், தலைப்புப் போட்டு எழுதினால் தேடுபவர்களுக்கு எளிது. ரீடரை மாட்டியும் திரை எரியவில்லை என்றால் முதல் சந்தேகம் ஃபியூஸ். பல வண்டிகளில் 16ஆம் பின்னுக்குக் கரண்ட் சிகரெட் லைட்டர் ஃபியூஸ் வழியாகவே வருகிறது. மட்டமான போன் சார்ஜர் ஷார்ட் ஆகி அந்த ஃபியூஸ் போயிருக்கும். மீட்டரை 16க்கும் 4க்கும் இடையே வைத்தால் பேட்டரி வோல்ட் வர வேண்டும். 16இலிருந்து பாடிக்கு வருகிறது, 4க்கு வரவில்லை என்றால் எர்த் வயர்.

திரை எரிகிறது, ஆனால் "தொடர்பு இல்லை" என்கிறதா? சாவி ஆன் நிலையில்தான் இருக்கிறதா என்று பாருங்கள். சிரிக்க வேண்டாம், பாதி அழைப்புகள் இதற்குத்தான். பிறகு பேட்டரி டெர்மினலைக் கழற்றிவிட்டு, சில நிமிடம் பொறுத்து, 6க்கும் 14க்கும் இடையே ஓம்ஸ் பாருங்கள். 60 ஓம்ஸ் வந்தால் கேன் வயரின் இரண்டு முனை ரெசிஸ்டரும் உயிரோடு இருக்கின்றன. 120 என்றால் ஒரு முனை அறுந்திருக்கிறது. பூஜ்யத்தை ஒட்டி வந்தால் இரண்டு வயரும் ஒன்றையொன்று தொடுகின்றன. சாக்கெட்டுக்கும் மற்ற மாட்யூல்களுக்கும் நடுவே கேட்வே (இடையில் நிற்கும் மாட்யூல்) உள்ள வண்டிகளில் இந்தக் கணக்கு பொருந்தாமல் போகலாம், வயரிங் படத்தைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். ஓம்ஸ் சரி என்றால் பேட்டரியைத் திரும்ப மாட்டி, சாவி ஆன் செய்து, எர்த்துக்கு எதிராக வோல்ட். இரண்டுமே 2.5ஐ ஒட்டி, 6இல் சற்றுக் கூடவும் 14இல் சற்றுக் குறைவாகவும் இருக்கும்.

டியூனிங் தம்பி

கோடு படிப்பதும் அழிப்பதும் ஓபிடி-2இன் பத்து மோடுகளில் 3ஆவதும் 4ஆவதும் மட்டுமே. கோளாறைப் பிடிப்பது மற்ற மோடுகளில் இருக்கிறது. 1 லைவ் டேட்டா, அதாவது சென்சார்கள் அப்போதைக்கப்போது தரும் அளவீடுகள். 2 ஃப்ரீஸ் ஃப்ரேம், அதாவது கோடு விழுந்த நொடியில் எஞ்சின் எந்த வேகத்தில், எந்தச் சூட்டில், எந்த லோடில் இருந்தது என்ற பதிவு. 7 இன்னும் உறுதியாகாத பெண்டிங் கோடு. 6 ஈசியு தனக்குத்தானே நடத்திய சோதனைகளின் மதிப்பெண்.

6ஆம் மோடு இல்லாத ரீடரை நான் பரிந்துரைக்கவே மாட்டேன். எஞ்சின் அவ்வப்போது உதறுகிறது, லைட் எரியவில்லை, கோடும் இல்லை. இது தினமும் வரும் புகார். கேன் வண்டியில் 6ஆம் மோடைத் திறந்தால் ஏ2 முதல் சிலிண்டருக்கு, ஏ3 இரண்டாவதுக்கு என்று வரிசையாக மிஸ்ஃபயர் (எரியாமல் போன முறை) எண்ணிக்கை கிடைக்கும். ஒவ்வொன்றுக்குள்ளும் 0பி (0B) என்பது கடந்த பத்து ஓட்டங்களின் சராசரி, 0சி என்பது இந்த ஓட்டம் அல்லது முந்தைய ஓட்டத்தின் எண்ணிக்கை. மூன்று சிலிண்டரில் பூஜ்யம், ஒன்றில் மட்டும் 40 என்றால் அந்த இக்னிஷன் காயிலை அடுத்த சிலிண்டருக்கு மாற்றிப் போட்டு ஓட்டிப் பாருங்கள். எண்ணிக்கையும் கூடவே நகர்ந்தால் காயில். நகரவில்லை என்றால் பிளக், இஞ்செக்டர், கம்ப்ரஷன் என்று அந்தச் சிலிண்டரிலேயே தேட வேண்டும். பி0301 போன்ற மிஸ்ஃபயர் கோடு விழும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

மலிவான ரீடர்கள் 6ஆம் மோடைக் காட்டும், ஆனால் பெயர் போடாமல் வெறும் எண்ணாகக் கொட்டும். வாங்கும்போது இதைத் திறந்தே பாருங்கள்.

அடுத்தது ஃபியூயல் ட்ரிம், அதாவது ஈசியு பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் சதவீதம். பி0171 விழுந்ததும் ஆக்சிஜன் சென்சாரை மாற்றுவது பழைய வியாதி. எஞ்சினுக்குக் காற்று அதிகம் அல்லது பெட்ரோல் குறைவு, அவ்வளவுதான் அந்தக் கோடு சொல்வது. ஷார்ட் டெர்ம், லாங் டெர்ம் இரண்டையும் கூட்டிப் பாருங்கள். ஐடிலில் கூட்டல் 25 சதவீதம், 2500 ஆர்பிஎம்மில் பிடித்தால் 5க்கு இறங்குகிறது என்றால் வேக்குவம் லீக். காற்று ஓட்டம் கூடும்போது சிறிய கசிவின் பங்கு கரைந்துவிடும். தலைகீழாக, ஐடிலில் சரியாக இருந்து லோடு ஏற ஏற ட்ரிம் ஏறினால் பெட்ரோல் பம்ப், ஃபில்டர் அல்லது அழுக்கடைந்த ஏர் ஃப்ளோ சென்சார். இரண்டு சேர்த்து 10க்குள் நின்றால் பொதுவாகக் கவலை வேண்டாம்.

இதைப் பார்க்க மூன்று நான்கு அளவீடுகளை ஒரே திரையில் சேர்த்துக் காட்டும் வசதி வேண்டும், கிராஃப் இருந்தால் இன்னும் நல்லது. கே-லைன் வண்டியில் இருபது அளவீட்டை ஒன்றாகத் தேர்ந்தெடுத்தால் எண்கள் நத்தை போல மாறும். தேவையான மூன்றை மட்டும் வைத்தால் வேகம் வந்துவிடும். தேர்ந்தெடுக்க விடாமல் எல்லாவற்றையும் சேர்த்து உருட்டும் ரீடரில் இந்த வேலை நடக்காது.

பழைய ஸ்பேனர்

தம்பி சொன்னதோடு பி0420ஐயும், அதாவது புகையைச் சுத்தமாக்கும் கேட்டலிட்டிக் (கேட்) கன்வெர்ட்டரின் கோட்டையும், சேர்த்துக்கொள்ளுங்கள். கேட் கன்வெர்ட்டருக்குப் பின்னால் உள்ள சென்சார் 0.6, 0.7 வோல்ட்டில் அசையாமல் நிற்க வேண்டும். முன் சென்சாரைப் போலவே 0.1க்கும் 0.9க்கும் இடையே தாவினால் கன்வெர்ட்டர் தளர்ந்துவிட்டது. ஆனால் அதற்கு முன் சைலன்சர் மேனிஃபோல்ட் பக்கம் கசிவு இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். வெளிக்காற்று உள்ளே இழுக்கப்பட்டாலும் இதே கோடு வரும். புதிய வண்டிகளில் முன் சென்சார் ஏர்-ஃப்யூயல் வகை, அது இப்படித் தாவாது. அதை வைத்து ஒப்பிட்டு ஏமாறாதீர்கள்.

அழிப்பது பற்றியும் சொல்லிவிடுகிறேன். வண்டி வந்ததும் "எரேஸ்" அடித்துவிட்டுத் திரும்ப வருகிறதா பார்ப்போம் என்ற பழக்கம் ஆபத்து. 4ஆம் மோடு கோட்டோடு ஃப்ரீஸ் ஃப்ரேமையும் துடைத்துவிடும், ரெடினஸ் மானிட்டர் (ஈசியுவின் சுயசோதனை நிலை) எல்லாம் "முடியவில்லை" நிலைக்குப் போய்விடும். புகைப் பரிசோதனைக்குப் போக வேண்டிய வண்டி என்றால் கேட், ஈவாப் (பெட்ரோல் ஆவி) மானிட்டர்கள் மீண்டும் முடிய நாள் கணக்கில் ஓட்ட வேண்டியிருக்கும். முதலில் எல்லாத் திரையையும் போட்டோ எடுங்கள், பிறகு அழியுங்கள். 10ஆம் மோடில் வரும் பெர்மனன்ட் கோடு எந்தக் கருவிக்கும் அழியாது. கோளாறு தீர்ந்து, ஈசியுவே சோதித்துத் திருப்திப்பட்டால்தான் போகும்.

டீசல் பட்டறை

மேலே எழுதியது எல்லாம் எஞ்சின் கோடு. ஏபிஎஸ், ஏர்பேக் லைட் எரியும் வண்டிக்கு எஞ்சின் மட்டும் படிக்கும் ரீடர் பயன்படாது. "கோடு இல்லை" என்று காட்டும், லைட் எரிந்துகொண்டே இருக்கும். C (சேசிஸ்), B (பாடி) என்று தொடங்கும் கோடுகளைப் பெரும்பாலும் அந்தந்த மாட்யூலிடம் கம்பெனி மொழியில்தான் கேட்க வேண்டும். "ஆல் சிஸ்டம்" என்று எழுதியிருந்தாலும் உங்கள் கையில் வரும் மாடல் அதன் வண்டிப் பட்டியலில் இருக்கிறதா என்று ஆண்டு, எஞ்சின் வரை பாருங்கள்.

பின் சக்கரத்தில் எலெக்ட்ரிக் பார்க்கிங் பிரேக் உள்ள வண்டிக்கு பேட் மாற்றுவது இன்று சாதாரண வேலை. மோட்டாரைப் பின்னுக்கு இழுக்க சர்வீஸ் மோடு வேண்டும். கருவி இல்லாமல் பிஸ்டனை சி-கிளாம்ப் போட்டு அழுத்தினால் உள்ளே உள்ள ஸ்க்ரூவோ கியரோ உடையும், முழு காலிப்பர் செலவு. இந்த ஒரு வசதிக்காகவே விலை கூடிய கருவி நியாயம்தான்.

டிபிஎஃப் (டீசல் கரி ஃபில்டர்) ரீஜெனரேஷன், அதாவது சேர்ந்த கரியை எரிக்கும் வேலை, செய்யும் கருவி எடுப்பவர்கள் கவனிக்க: பட்டனை அழுத்தினால் போதும் என்று நினைக்க வேண்டாம். டீசல் குறைவாக இருந்தால், எஞ்சின் சூடாகாமல் இருந்தால், வேறு கோடு விழுந்திருந்தால் ஈசியு மறுத்துவிடும். கரி அளவு எல்லை தாண்டியிருந்தாலும் மறுக்கும். ஆகவே ரீஜென் வசதியோடு கரி அளவு, ஃபில்டரின் முன்பின் அழுத்த வேறுபாடு, சைலன்சர் வெப்பம் மூன்றையும் காட்டுகிறதா என்று பாருங்கள். ஓடும்போது ஃபில்டருக்குள் 600 டிகிரி சுற்றி வரும். வண்டியைத் திறந்த வெளியில், காய்ந்த புல்லோ எண்ணெய்த் துணியோ இல்லாத இடத்தில் நிறுத்துங்கள். முடிந்ததும் ஆயில் டிப்ஸ்டிக் பாருங்கள், டீசல் கலந்து மட்டம் ஏறியிருக்கலாம்.

லாரியில் மாட்டும் ஆசை இருந்தால் 24 வோல்ட் தாங்குமா என்று கையேட்டில் பாருங்கள். 12 வோல்ட் ரீடரை மாற்று கேபிள் போட்டுச் செருகினால் கருவியே போய்விடலாம்.

மல்டிமீட்டர்

புதிய வண்டிகள் பற்றி இரண்டு சொல். ஃபியட் கிரைஸ்லர் வண்டிகளில் 2018 முதல் செக்யூரிட்டி கேட்வே வந்துவிட்டது. பொதுக் கோடு படிக்கலாம், ஆனால் பதிவு செய்த கருவியாக இல்லாவிட்டால் ஆக்டிவ் டெஸ்ட் (கருவியிலிருந்தே பாகங்களை இயக்கிப் பார்ப்பது) நடக்காது, கம்பெனி மாட்யூல்களில் அழிக்கவும் விடாது. மற்ற கம்பெனிகளும் இந்த வழியில் வந்துகொண்டிருக்கின்றன. புதிய மொழிகளான கேன் எஃப்டி, டிஓஐபி இரண்டும் கருவியின் ஹார்டுவேரில் இருக்க வேண்டும். சாஃப்ட்வேர் அப்டேட் போட்டு வரவழைக்க முடியாது.

அப்டேட் என்றதும் ஞாபகம் வருகிறது. "இரண்டு ஆண்டு இலவசம்" என்றால் மூன்றாம் ஆண்டு என்ன ஆகும் என்று எழுத்தில் கேளுங்கள். சில கருவிகள் பழைய சாஃப்ட்வேரோடு தொடர்ந்து வேலை செய்யும். சில, சந்தா கட்டும்வரை பாதி மெனுவைப் பூட்டிவிடும்.

டியூனிங் தம்பி

வாங்கும் இடத்தில் சோதிக்க ஒரு வழி. எஞ்சின் குளிர்ந்த வண்டியில் மாட்டி சாவி ஆன் செய்யுங்கள். கூலன்ட் சூடும் உள்வரும் காற்றின் சூடும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். மேனிஃபோல்ட் அழுத்த சென்சார் உள்ள வண்டி என்றால் கடல் மட்டத்தில் 100 கிலோபாஸ்கல் ஒட்டி வரும். ஸ்டார்ட் செய்து ஐடில் சீரானதும், சாதாரண பெட்ரோல் எஞ்சினில் 30, 40க்கு இறங்கும். இப்போது நிறுத்தி, காற்று வெப்ப சென்சாரின் கனெக்டரைக் கழற்றிவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள். திரையில் கழித்தல் 40 டிகிரி காட்ட வேண்டும். சற்று நேரத்தில் பி0113 பெண்டிங்கில் வர வேண்டும். ஏர் ஃப்ளோ சென்சாரும் அதே கனெக்டரில் இருந்தால் அதன் கோடும் சேர்ந்து வரும். கருவி பெண்டிங்கைக் காட்டாமல், லைட் எரிந்த பிறகு மட்டும் கோட்டைக் காட்டினால் வேண்டாம். கனெக்டரை மாட்டி அழித்துவிட்டுக் கொடுங்கள், கடைக்காரர் பாவம்.

பழைய ஸ்பேனர்

கேபிளையும் கையில் பிடித்துப் பாருங்கள். பிளக்கின் கழுத்தில் வயர் மடங்கும் இடம்தான் முதலில் அறுகிறது, கழற்றி மாற்றும் கேபிள் உள்ள கருவி அதனால் லாபம். பிளக்கைக் கோணலாகச் செருகினால் வண்டி சாக்கெட்டின் பெண் பின்கள் விரிந்துவிடும். அதன் பிறகு கருவி விட்டுவிட்டு இணையும். அப்படி ஒரு வண்டியில் மாட்டிக்கொண்டால் பிளக்கை மெல்ல மேலே, கீழே அசைத்து எந்த நிலையில் தொடர்பு வருகிறது என்று கவனியுங்கள். எந்தப் பின் தளர்ந்தது என்று அதிலேயே தெரிந்துவிடும்.