எழுபதுகளின் பொப் பாட்டு: மலையகத்தில் எங்கே கேட்டீர்கள்?

மேல்கணக்கு, தலவாக்கலை:
நம் இலங்கைப் பொப் பாடகர்கள் நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் பாட்டுகளைப் போட்டால் வீட்டுப் பிள்ளைகள் "இதில என்ன இருக்கு?" என்று கேட்கிறார்கள். பெரிதாக ஒன்றும் இல்லைதான். எனக்குப் பிடித்ததே அதுதான். ஒரு கிட்டார், ஒரு தாளம், ஒரு குரல். கிட்டாரில் இரண்டு மூன்று கோர்ட் (chord) தெரிந்தவன் அன்றைக்கே வாசித்துவிடலாம். 'சின்ன மாமியே'யை எடுங்கள். ஒருத்தன் மாமியிடம் உங்கள் சின்ன மகள் எங்கே என்று விசாரிக்கிறான். கதை அவ்வளவுதான். நிலவையும் ரோஜாவையும் துணைக்குக் கூப்பிடவில்லை. முறைப் பையன் மாமியிடம் வந்து அப்படிக் கேட்டால் எதற்கென்று கேட்கிறவருக்கே தெரியும். பாட்டு அதை விளக்கிக்கொண்டு நிற்பதில்லை.

எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், பெரியப்பா காம்பராவில் (அறையில்) மட்டும்தான் ரேடியோ. இலங்கை வானொலியில் பெரும்பாலும் இந்தியச் சினிமாப் பாட்டு, நடுவில் எப்போதாவது நம் நாட்டுப் பொப் பாட்டு. சினிமாப் பாட்டு கேட்க அருமை. ஆனால் அந்த வயலின் கூட்டத்தை நாங்கள் எங்கே போய்த் தேட? பல்லவியோடு சரி. பொப் பாட்டு வந்தால், பெரியப்பா பெட்டரி போய்விடும் என்று ரேடியோவை மூடினாலும் பாட்டு நிற்காது. இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) பையன்கள் தகர வாளியைக் கவிழ்த்துப் போட்டுத் தொடர்வார்கள். நடுவில் உள்ளங்கையால் ஒரு அடி, விளிம்பில் விரலால் இரண்டு தட்டு. வாளியின் கைப்பிடி வேறு தன் பாட்டுக்குக் கிலுகிலுக்கும். மூலப் பாட்டைவிட அது எனக்கு நன்றாகத்தான் இருந்தது, சொல்லக்கூடாது.

யூடியூப் லிங்க் போடாதீர்கள். எங்கே, யாரோடு கேட்டீர்கள் என்று எழுதுங்கள்.

பதுளை மெயில்:
'சுராங்கனி' இல்லாமல் எங்கள் பள்ளிக்கூடச் சுற்றுலா பஸ் நகர்ந்ததே இல்லை. சிங்களமும் தமிழும் கலந்த பாட்டு, மீன் கொண்டுவந்த கதை. ட்ரைவர் சிங்கள ஐயா. அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. ஸ்டியரிங்கில் தட்டிக்கொண்டே எங்களைவிடச் சத்தமாகப் பாடுவார். கண்டிக்குப் போகும்போது ரம்பொடை மலை வளைவுகளில் மட்டும் கூட வந்த வாத்தியார் எழும்பி, "பாட்டு போதும், அவர் ரெண்டு கையாலயும் பிடிக்கட்டும்" என்பார்.

1977இல் 'அவர் எனக்கே சொந்தம்' படத்தில் இளையராஜா இசையில் அந்தப் பாட்டு வந்தது. அதற்குப் பிறகு இது இந்தியப் பாட்டு என்று சாதிக்கிற ஆட்கள் கிளம்பிவிட்டார்கள். பக்கத்து லயத்து அண்ணனோடு எனக்கு அந்தச் சண்டை இன்னும் தீரவில்லை.

ஹப்புத்தளைக் குளிர்:
சிங்களப் பக்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கிளாரன்ஸ் விஜேவர்தன பிறந்தது எங்கள் ஊரில்தான், 1943இல். சிங்களப் பாட்டுக்கு எலெக்ட்ரிக் கிட்டாரைக் கொண்டுவந்தவர் என்று அவரைத்தான் சொல்வார்கள். எங்கள் அப்பாவுக்குச் சிங்களம் சந்தையில் விலை பேசும் அளவுக்குத்தான். ஆனாலும் கிளாரன்ஸின் மூன்ஸ்டோன்ஸ் இசைக்குழுக் காலத்துப் பாட்டு ஒன்றின் மெட்டை அப்படியே விசிலில் பிடித்து வைத்திருந்தார். தேயிலைக் கொழுந்து நிறுக்கும்போது மடுவத்துக்கு (நிறுக்கும் கொட்டகைக்கு) வெளியே நின்று அதைத்தான் அடிப்பார். கணக்கப்பிள்ளை முறைப்பார், அப்பா ஒரு நிமிடம் நிறுத்துவார், அப்புறம் விட்ட இடத்திலிருந்து.

எளிமை என்றதும் ஏனோதானோ என்று செய்தது என்று நினைக்கிறார்கள். அந்தக் காலத்து 7 அங்குல இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு நாலைந்து நிமிடம் கிடைத்தால் பெரிய விஷயம். வளவள என்று இழுக்க இடமில்லை. முதல் வரியிலேயே மெட்டு காதில் ஒட்ட வேண்டும். இப்போது கல்யாண வீட்டு டிஜே அதே பாட்டுக்கு அடியில் டம் டம் என்று ஒன்றைப் போட்டுப் பத்து நிமிடம் இழுக்கிறார். பாடியவரின் குரலையே தேட வேண்டியிருக்கிறது.

கீழ்கணக்கு, மஸ்கெலியா:
எல்லாம் சரி. எல்லாவற்றையும் தூக்கி வைக்காதீர்கள். அந்தக் காலத்திலும் சும்மா லாலாலா பாட்டு நிறைய வந்தது, நாம் மறந்துவிட்டோம். நல்லது மட்டும் மிஞ்சியிருக்கிறது.

'கள்ளுக்கடைப் பக்கம் போகாதே' பாட்டை நான் சரியாகக் கேட்டது தவறணை (மதுக்கடை) வாசலில். சம்பள நாள். குடிக்க வேண்டாம் என்று புத்தி சொல்கிற பாட்டைப் போத்தலும் கையுமாக, தோளில் கை போட்டு, ஒரு வரி தப்பாமல் பாடினார்கள். நடுவில் ஒருத்தர் அழவே தொடங்கிவிட்டார்.

மேல்கணக்கு, தலவாக்கலை:
சிரித்துவிட்டேன். எங்கள் அம்மாயி அதே பாட்டைச் சம்பள நாளில் வாசலில் நின்று தாத்தாவுக்காகப் பாடுவார். குரலும் கிடையாது, தாளமும் கிடையாது. தாத்தா பின்பக்கத்தால் வீட்டுக்குள் வந்து, ஒன்றும் தெரியாதவர் மாதிரி சோறு கேட்பார்.

ஹப்புத்தளைக்காரரே, அப்பா அடித்த அந்த மெட்டு எந்தப் பாட்டு? விசிலடித்துப் பதிவு செய்தாவது போடுங்கள், கண்டுபிடித்துவிடலாம்.