புதுப்பிப்பு: தையலை அறுத்த கத்தி உறை

கைக்கத்திக்கு நானே தைத்த தோல் உறையின் விளிம்புத் தையல், பத்து தடவை உருவிச் செருகுவதற்குள் அறுந்துபோனது என்று போன வாரம் புலம்பியிருந்தேன். நூல் மட்டம் என்று நினைத்தேன். இல்லை. கூர்ப்பக்கம் இரண்டு தோலுக்கும் நடுவே, கத்தி முனை நூலில் படாமல் தடுக்கும் தோல் துண்டான பட்டி வைக்கவே இல்லை. கத்தி ஒவ்வொரு முறையும் நேராக நூலில்தான் இறங்கியிருக்கிறது.

புதிதாக வெட்டி, 3 மி.மீ. தோல் பட்டி ஒட்டி, ஒரே நூலில் இரண்டு ஊசி கோத்து எதிரெதிராகத் தைத்தேன். (இதில் ஒரு தையல் அறுந்தாலும் மற்றவை சரசரவென அவிழாது.) பிறகு தோலை நனைத்து, கத்தியை பிளாஸ்டிக் தாளில் சுற்றிச் செருகி, விரலால் அழுத்தி வடிவம் பிடித்தேன். மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட தோல்தான் இதற்குச் சரி. குரோம் உப்பில் பதனிட்ட தோல் வடிவத்தில் நிற்காது.

இப்போது தலைகீழாகக் குலுக்கினாலும் கத்தி விழவில்லை. அவசரப்பட்டு அடுப்பருகே காயவைத்ததில் வாய்ப்பகுதி மட்டும் சுருங்கி விறைத்துவிட்டது, என் புத்தி! பெல்ட் கோக்கும் வளையம் இன்னும் பாக்கி.