உதவி தேவை: எடை குறைந்த துப்பாக்கி, சிறு தோட்டா .22 ரைஃபிளா, பெரிய தோட்டா 12 கேஜ் ஷாட்கன்னா?

பைதூக்கி: அவசரம். பத்து நாள் காட்டுப் பயணம். உயிர் பிழைக்க ஒரு துப்பாக்கி போதும், ஆனால் பை ஏற்கெனவே 22 கிலோ. நூறு தோட்டா எடுத்தால் எவ்வளவு கனக்கும்? வெள்ளிக்கிழமை விமானம்.

மலைக்குருவி: எந்தக் காடு? முயலுக்கா, கரடிக்கா?

ஈயக்குண்டு: .22இல் வழக்கமான எல்.ஆர் (லாங் ரைஃபிள்) வகை நூறு தோட்டா சுமார் 340 கிராம். 12 கேஜ் ஸ்லக், அதாவது ஒற்றைக் குண்டுத் தோட்டா, நூறு என்றால் 4 கிலோவைத் தாண்டும். பெரிய வேட்டை ரைஃபிளின் .30-06 தோட்டா நடுவில், சுமார் 2.6 கிலோ. கண்ணை மூடிக்கொண்டு ஏ.ஆர்-7 என்ற .22 ரைஃபிளை வாங்குங்கள். 1.6 கிலோதான், கழற்றினால் எல்லாம் அதன் பின்கட்டைக்குள்ளேயே அடங்கிவிடும்.

பழையவன்: நூறு தோட்டாவா! போருக்கா போகிறீர்கள்? இதே கேள்வி மாதம் ஒருமுறை வருகிறது, பழைய இழையைப் படிக்கத்தான் ஆளில்லை. கரடி என்றால் பத்து ஸ்லக் போதும், அரைக் கிலோகூட வராது. கையில் கனப்பது துப்பாக்கிதான், 12 கேஜ் பம்ப் ஷாட்கன் 3 கிலோவுக்கு மேல்.

பைதூக்கி: அலாஸ்கா. கேட்ஸ் ஆஃப் தி ஆர்க்டிக் தேசியப் பூங்கா. கரடிக்கும் சாப்பாட்டுக்கும் சேர்த்துத்தான்.

மலைக்குருவி: தேசியப் பூங்காவுக்குள் வெளியாட்கள் வேட்டையாடக் கூடாது தம்பி. துப்பாக்கியை வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். சாப்பாட்டுக்கு .22 என்ற பேச்சே வேண்டாம், அந்தக் கனத்துக்குக் கடலை மிட்டாய் எடுத்துப் போங்கள்.

ஈயக்குண்டு: .22 கரடிக்கும் ஆகும். 1953இல் ஆல்பர்ட்டாவில் பெல்லா ட்வின் என்ற க்ரீ இனப் பெண் .22ஆல் ஒரு பெரிய க்ரிஸ்லி கரடியையே சாய்த்தார்.

பழையவன்: மிக அருகில், தலையின் பக்கவாட்டில். கரடி விழுந்த பிறகும் திரும்பத் திரும்பச் சுட்டார். அவர் காட்டிலேயே வளர்ந்தவர். நீங்கள்?

ஈயக்குண்டு: குறி சரியாக இருந்தால் பெரிய காலிபர், அதாவது பெரிய தோட்டா, எதற்கு சார்?

பழையவன்: பாய்ந்து வரும் கரடி தலையைத் திருப்பிக் காட்டி நிற்குமா?

சட்டம்தெரிந்தவள்: உங்கள் சண்டை இருக்கட்டும். பைதூக்கி, என்ன விசா? எச்-1பி மாதிரி தற்காலிக விசா என்றால், அமெரிக்க மத்திய சட்டப்படி துப்பாக்கி மட்டுமல்ல, தோட்டாகூட வைத்திருக்கக் கூடாது. அங்கே ஏதாவது ஒரு மாநிலத்தின் வேட்டை உரிமம் இருந்தால் விலக்கு உண்டு. இதைக் கேட்காமலே எல்லாரும் கிராம் கணக்குப் போட்டுவிட்டீர்களே.

மலைக்குருவி: துப்பாக்கிக்குப் பதில், கரடியை விரட்டும் மிளகாய் ஸ்ப்ரே ஒரு டப்பா கால் கிலோ சொச்சம். பயணிகள் விமானத்தில் எந்தப் பையிலும் ஏற்ற விடமாட்டார்கள், இறங்கியபின் வாங்குங்கள். சிறு விமானத்தின் பைலட்டிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், தண்ணீரில் இறங்கும் விமானம் என்றால் வெளியே அதன் மிதவையில் கட்டிக் கொண்டுபோவார்கள்.

பைதூக்கி: எச்-1பிதான். உரிமம் இல்லை. ஸ்ப்ரேயை ஃபேர்பேங்க்ஸில் வாங்கிக்கொள்கிறேன். நன்றி அக்கா.

ஈயக்குண்டு: ஒரு திருத்தம். பெல்லா ட்வின் சுட்டது .22 லாங் என்ற வேறு வகைத் தோட்டா. எல்.ஆரைவிடச் சக்தி குறைவு. அப்படியானால் என் கட்சிதான் இன்னும் பலம்.