வான்கார்ட் சேஸிஸ்: மழைக்கு முன்னால் துருவை எப்படி அடக்குவது?

கானாடுகாத்தான்காரன்:
ஐயா காலத்து ஸ்டாண்டர்ட் வான்கார்ட் கார், 1950களில் மெட்ராஸில் அசெம்பிள் ஆனது. பாடியைக் கழற்றிவிட்டோம். சேஸிஸ் (காரின் அடிச்சட்டம்) கொட்டகையில் மரக்கட்டை மேல் கிடக்கிறது. பெரும்பாலும் மேல்துருதான், சுத்தியலால் தட்டினால் கணீரென்கிறது. பின் ஸ்பிரிங்கைச் சட்டத்தோடு இணைக்கும் ஷேக்கிள் பக்கத்தில் மட்டும் சத்தம் மொத்தையாக வருகிறது, சட்டத்தின் உள்கூடான பாக்ஸுக்குள் இருந்து செதில் செதிலாகக் கொட்டுகிறது. வயர் பிரஷ் போட்டு ரெட் ஆக்சைட் ரெண்டு கோட் போதும் என்கிறார் டிங்கர். மச்சான் பவுடர் கோட்டிங்தான் (பெயிண்ட் பவுடரைத் தெளித்துச் சூட்டில் உருக்கிப் பிடிக்கவைப்பது) என்கிறான். ஐப்பசிக்குள் முடிக்க வேண்டும், எது சரி?

தேவகோட்டை பட்டறை:
அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் கொடுத்து, 1953ல் திறந்த காரைக்குடி செக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) உங்கள் பக்கத்திலேயே இருக்கிறது. அரிப்பு ஆராய்ச்சிக்குப் பேர்போன இடம். அந்தப் பக்கத்துக்காரர் துருவுக்கு வழி கேட்கிறீர்களே அண்ணே!

சரி, விஷயத்துக்கு வருவோம். வெறும் ரெட் ஆக்சைட் ஜன்னல் கம்பிக்குச் சரி, சேஸிஸுக்குப் போதாது. மொத்தைச் சத்தம் வரும் இடத்தை முதலில் வெட்டிப் புது இரும்பு வைத்து வெல்டிங் முடியுங்கள். அப்புறம் பிளாஸ்டிங், அதாவது காற்றழுத்தத்தில் துகளை அடித்துத் துருவை உரிப்பது. ஆற்று மணல் வேண்டாம், அந்தத் தூசி நுரையீரலைக் கெடுக்கும். காப்பர் ஸ்லாக் (தாமிரக் கசடு) துகளோ கார்னெட் கல்துகளோ கேளுங்கள். பிளாஸ்ட் செய்த அன்றைக்கே ரெண்டு பாகம் கலக்கும் எபாக்ஸி பிரைமர் (அடிப்பூச்சு) ஏறிவிட வேண்டும். மழைக்காலக் காற்றில் வெறும் இரும்பை ஒரு ராத்திரி விட்டால் விடியும்போது ஆரஞ்சாக நிற்கும். கையால் தொடக்கூடாது, வியர்வை உப்பு போதும்.

புதுக்கோட்டை ஜீப்:
பவுடர் கோட்டிங் பார்க்க அழகுதான். ஆனால் கல் அடித்து ஒரு இடம் பெயர்ந்தால் அடியில் தண்ணீர் ஊர்ந்து போகும், மேலே பளபளப்பாகவே இருக்கும். பாக்ஸ் உள்பக்கமும் ஏறாது. எனக்கு எபாக்ஸிதான்.

கானாடுகாத்தான்காரன்:
உள்பக்கத்துக்கு என்ன வழி? பழைய இன்ஜின் ஆயிலை ஊற்றலாம் என்கிறார்கள்.

தேவகோட்டை பட்டறை:
வேண்டாம். ஓடின ஆயிலில் அமிலம் இருக்கும், ரப்பர் புஷ்ஷும் ஊதிவிடும். சேஸிஸ் துளைகள் வழியாகக் காற்றடித்து, கம்பி விட்டுக் கிளறி, உதிர்கிறதையெல்லாம் கொட்டுங்கள். ஒட்டியிருக்கும் துருவுக்குப் பாஸ்பாரிக் அமிலம் கலந்த கன்வெர்ட்டர், துருவைக் கெட்டிப் படலமாக மாற்றும் திரவம். அது செதிலின் அடிவரை போகாது, அதனால்தான் முதலில் உதிர்க்கச் சொல்கிறேன். பெயிண்ட் எல்லாம் முடிந்த பிறகு, கடைசி வேலையாக, நீளக் குழாயில் சுற்றிலும் தெளிக்கும் நாசில் மாட்டி கேவிட்டி வாக்ஸ் (உள்கூட்டுக்கான மெழுகு) அடியுங்கள். வாக்ஸ் இருக்கும் இடத்தில் பெயிண்ட் பிடிக்காது, வெல்டிங் வைத்தால் தீப்பிடிக்கும். அடியில் தண்ணீர் வடியும் துளைகளை அடைத்துவிடாதீர்கள்.

கானாடுகாத்தான்காரன்:
டிங்கர் ஒத்துக்கொண்டார். ஷேக்கிள் பக்கம் நாளைக்கு வெட்டுகிறோம்.

புதுக்கோட்டை ஜீப்:
வெட்டுவதற்கு முன் மூலைக்கு மூலை குறுக்கே டேப் வைத்து ரெண்டு அளவையும் எழுதிக்கொள்ளுங்கள் அண்ணே. குறுக்கே ஒரு இரும்பு ஆங்கிளும் டேக் (புள்ளி வெல்டிங்) வையுங்கள். சூட்டில் கோணிவிட்டால் பாடி போல்ட் ஒன்றும் உட்காராது.