சேலம் சாக் ஹில்ஸ் மேப்பிங்: மேக்னசைட்டையும் சுக்காங்கல்லையும் எப்படி பிரிக்கிறது?

வணக்கம் அண்ணா, அக்கா எல்லாருக்கும். எம்எஸ்சி ஜியாலஜி ப்ராஜெக்ட்டுக்கு சேலம் சாக் ஹில்ஸ் எடுத்திருக்கேன், கருப்பா இருக்குற டூனைட் பாறைக்குள்ள வெள்ளை வெள்ளையா நரம்பு மாதிரி மேக்னசைட் (மெக்னீசியம் கார்பனேட்) ஓடுற இடம். ஆஸ்டர்ங்குற சாட்டிலைட் கேமரா டேட்டால, கார்பனேட் கனிமத்த பளிச்னு காட்டுற (7+9)/8 பேண்ட் ரேஷியோ (7, 9வது அலைவரிசைய கூட்டி 8வதால வகுக்குறது) போட்டேன், மலை சூப்பரா தெரியுது, ஆனா அடிவாரத்துல வயக்காடும் சேர்ந்து பளிச்னு வருது. நேர்ல போய் பாத்தா அது உழவுல மேல வந்த சுக்காங்கல், அதாவது மண்ணுக்குள்ள உருவாகுற கால்சைட் (கால்சியம் கார்பனேட்) கட்டி. ரெண்டு சுத்தியல் அடி அடிச்சு நீர்த்த ஆசிட் ஒரு சொட்டு விட்டேன், சர்ருனு நுரைச்சுது, மலைல எடுத்த மேக்னசைட் துண்டுல விட்டா அசையவே இல்ல, பொடி பண்ணி சூடு காட்டுனாதான் லேசா பொங்குது.

எனக்குப் புரிஞ்ச வரைக்கும் மேக்னசைட் 2.30 மைக்ரான் பக்கமும் கால்சைட் 2.34 பக்கமும் ஒளிய உறிஞ்சுது, ஆஸ்டரோட 8வது பேண்ட் ரெண்டையும் சேத்து முழுங்கிடுது. இதுக்கு பிரிஸ்மா சாட்டிலைட்டோட ஹைப்பர்ஸ்பெக்ட்ரல் டேட்டா (ஒளிய நிறைய குறுகலான பேண்டா பிரிச்சுக் காட்டுறது) சரியா வருமா? யாராச்சும் யூஸ் பண்ணிருந்தா அட்மாஸ்பெரிக் கரெக்ஷன் (காத்து மண்டலத்தோட பாதிப்ப டேட்டால இருந்து நீக்குறது) எப்படி பண்ணீங்கன்னு சொல்லுங்க ப்ளீஸ்.

இன்னொன்னு, 14 சாம்பிள் வச்சிருக்கேன், காசு 6க்குதான் இருக்கு. எக்ஸ்ஆர்டில (எக்ஸ்ரே விட்டு கனிமத்த அடையாளம் பாக்குற டெஸ்ட்) கால்சைட்டோட பீக் 29.4 டிகிரிலயும் மேக்னசைட் 32.6லயும் தனித்தனியா நிக்கும்ங்குறதால அதுக்கே குடுத்துடலாம்னு தோணுது, ஆனா கைடு, பாறைய மெல்லிசா தேய்ச்சு மைக்ரோஸ்கோப்புல பாக்குற தின் செக்‌ஷன்தான் முதல்லனு சொல்றார். போன தடவ குடுத்த ஸ்லைடு 0.03 மில்லிமீட்டருக்கு வராம தடிமனாவே வந்துச்சு, கலர் பாத்து ஒண்ணும் சொல்ல முடியல. சேலம், கோவை பக்கம் நல்லா தேய்ச்சுக் குடுக்குற லேப் தெரிஞ்சா கமெண்ட்ல போடுங்க, அடுத்த வாரம் சாம்பிள் அனுப்பியாகணும்.